கட்டி கரைந்த பிறகும் மிஞ்சுவது எது?

என் பள்ளித் தோழர் ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நாக்கின் ஓரத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து, கீமோவும் கொடுத்து, எங்கள் பக்கத்து வழக்கில் சொல்வதென்றால் ‘கரண்டும்’ வைத்தார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், நோயின் சுவடே இல்லை என்றார். வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடினார்கள். 14 மாதங்கள் கழித்துக் கழுத்தில் ஒரு நெறி கட்டியது. அதே நோய். ஆனால், முன்பு பணிந்த மருந்துக்கு இப்போது பணிய மறுத்தது. உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் அவர் என்னிடம் கேட்டார்: “மருந்து கேட்கவில்லை என்றால் எனக்குப் புரியும். நன்றாகத்தானே கேட்டது? அப்புறம் இது எங்கிருந்து வந்தது?” விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பதிலையும் தானே ஒருவாறு சொன்னார்: “கோரையை மேலாக அறுத்துவிட்டுக் கிழங்கை விட்டுவிட்டார்களோ?”

ஏறக்குறைய சரியான பதில்தான். வயலில் கோரைப்புல்லை எத்தனை முறை அறுத்தாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மீண்டும் தளிர்க்கும். புற்றுக்கட்டிக்குள்ளும் அப்படியொரு கிழங்கு இருக்கக்கூடும் என்ற எண்ணம் அறிவியலில் வலுப்பெற்று முப்பது ஆண்டுகள் ஆகின்றன. கனடாவின் டொரன்டோ நகரில் ஜான் டிக் தலைமையிலான குழு, ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களை நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளுக்குள் செலுத்திச் சோதித்தது. 1994இல் வெளியான அந்த ஆய்வில், எல்லாச் செல்களும் எலிக்குள் நோயை உண்டாக்கிவிடவில்லை. மிகச் சிறு பகுதியினவே புதிதாகப் புற்றைத் தொடங்கிவைத்தன. 2003இல் மார்பகப் புற்றிலும், அதையொட்டி மூளைக் கட்டிகளிலும் இத்தகைய செல்கள் இனங்காணப்பட்டன. உடலில் இயல்பாகவே உள்ள குருத்தணுக்களை, அதாவது மருத்துவமனைகளில் ‘ஸ்டெம் செல்’ என்று சொல்லப்படுபவற்றை, இவை பல வகைகளில் ஒத்திருந்ததால் புற்றுக் குருத்தணுக்கள் என்று பெயர் பெற்றன.

குருத்தணுவை உடலின் விதைநெல் என்று என் மாணவர்களிடம் சொல்வது வழக்கம். தோல், குடலின் உட்சுவர், ரத்தம் ஆகியவற்றில் நாள்தோறும் கோடிக்கணக்கான செல்கள் தேய்ந்து உதிர்கின்றன. அவற்றை ஈடுசெய்பவை ஆங்காங்கே பதுங்கியிருக்கும் சில குருத்தணுக்கள். ஒரு குருத்தணு பிரியும்போது ஒரு செல் தாயைப் போலவே குருத்தணுவாக நீடிக்கும். மற்றொன்று மகளாகப் பிரிந்து, முதிர்ந்து, வேலைக்குப் போகும். பஞ்சத்திலும் விதைநெல்லில் கைவைக்காத குடியானவனைப் போல, உடல் இந்தத் தாய்ச் செல்களைப் பலவாறு பேணுகிறது. அவற்றில் பல அடிக்கடி பிரியாமல் அடங்கிக் கிடப்பவை. நஞ்சு உள்ளே புகுந்தால் வெளியே இறைத்துக் கொட்டும் புரதங்கள் அவற்றில் மிகுதி.

நாம் கையாளும் புற்றுநோய் மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பிரியும் செல்களைக் குறிவைப்பவை. அதனால்தான் கீமோ எடுப்பவர்களுக்குத் தலைமுடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வயிறு கெடுகிறது. ஆனால், சிகிச்சை முடிந்த சில மாதங்களில் முடி மீண்டும் முளைக்கிறதே, அது ஏன்? முடிவேரின் குருத்தணுக்கள் அந்த நஞ்சைத் தாண்டி உயிரோடு இருந்ததுதான் காரணம். முடி முளைப்பதைக் கண்டு மகிழ்கிறோம். அதே தாங்குதிறன் புற்றுக் குருத்தணுவுக்கும் வாய்த்திருந்தால் நடப்பதுதான் என் தோழருக்கு நடந்தது.

அப்படியானால் குருத்தணுவைக் கொல்லும் மருந்தைத் தேடவேண்டியதுதானே என்று தோன்றும். தேடும் முறையிலேயே சிக்கல் இருக்கிறது. மருந்துத் தேடலின் முதல் கட்டம் பெரும்பாலும் கண்ணாடித் தட்டுகளில், ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட புற்றுச் செல்களின் மீது நடக்கிறது. தட்டில் செழிப்பவை வேகமாகப் பிரியும் செல்கள். நூற்றுக்கு எத்தனை செல்கள் செத்தன என்பதை வைத்து மருந்துக்கு மதிப்பெண் கொடுக்கப்படுகிறது. மிஞ்சிய ஒன்றிரண்டு யார் என்று எவரும் கேட்பதில்லை. மேலும், குருத்தணு தனியே வாழும் உயிரன்று. அதைச் சுற்றியுள்ள செல்கள் ஓயாமல் அனுப்பும் சமிக்ஞைகளால்தான் அது குருத்தணுவாக நீடிக்கிறது. அந்த அண்டை அயலைக் கண்ணாடித் தட்டில் உருவாக்குவது கடினம். முழு உயிரியிலேயே சோதிக்கலாம் என்றால், ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களை ஆயிரக்கணக்கான எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் பணமும் காலமும் இடம்தராது, மனச்சான்றும் இடம்தராது. இந்த இடத்தில்தான் பழ ஈ வருகிறது.

எந்தப் பழ ஈ?

வாழைப்பழம் சற்றுக் கனிந்துவிட்டால் சமையலறையில் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, சுமார் 3 மில்லிமீட்டர் நீளமும் சிவந்த கண்களும் கொண்ட சிற்றீ, அதுதான். அறிவியல் பெயர் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். மாம்பழத்துக்குள் முட்டையிட்டுப் புழுவாக்கி விவசாயிகளை வாட்டும் பழ ஈ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. தோப்புகளில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்துப் பிடிப்பது அதைத்தான். இந்தப் பெயர்க் குழப்பம் நம் ஊரில் மட்டுமல்ல. 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பாலின், பிரான்ஸில் நடக்கும் பழ ஈ ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் போவதை மேடையில் எள்ளி நகையாடினார். அவர் சுட்டிய திட்டம் ஆலிவ் காய்களைக் கெடுக்கும் ஈயைப் பற்றியது. ஆனால், கொதித்தெழுந்தவர்களில் பலர் டிரோசோஃபிலா ஆய்வாளர்கள். ‘ஈயை ஆராய்ந்து என்ன கிழிக்கப் போகிறார்கள்’ என்ற ஏளனத்தை அவர்கள் அதற்கு முன்பே பலமுறை கேட்டவர்கள்.

ஏளனத்துக்கு அடிப்படை இல்லை. 1910இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கனின் புட்டிகளில் வெள்ளைக் கண்ணுடன் ஓர் ஆண் ஈ பிறந்தது. மரபணுக்கள் குரோமோசோம்களில் இருக்கின்றன என்பதை உறுதிசெய்யும் பாதையை அந்த ஈ திறந்துவிட்டது. மார்கனுக்கு 1933இல் நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ் கதிர் மரபணுக்களை மாற்றும் என்று 1927இல் ஹெர்மன் முல்லர் காட்டியதும் இதே ஈயில்தான். 2000இல் இதன் மரபணுத் தொகுப்பு முழுவதும் வாசிக்கப்பட்டபோது ஏறத்தாழ 13,600 மரபணுக்கள் எண்ணப்பட்டன. மனிதரின் நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களில் ஏறக்குறைய நான்கில் மூன்றுக்கு ஈயிடம் இணை உண்டு.

முட்டையிலிருந்து சிறகு முளைத்த ஈயாக 10 நாள் போதும். சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகார் கலந்த கூழ்தான் சாப்பாடு. நான் முதுகலை படித்த காலத்தில் பால் புட்டிகளில் பஞ்சடைத்து இவற்றை வளர்த்தோம். ஈதரில் மயக்கி, தூரிகையால் புரட்டி, கண்ணின் நிறத்தையும் சிறகின் வடிவத்தையும் எண்ணினோம். மயக்கம் பாதியில் தெளிந்து வகுப்பறை முழுதும் பறந்த ஈக்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. மைசூர் பல்கலைக்கழகத்தில் இந்த ஈயின் வகைகளைப் பேணிக்காக்கும் மையம் ஒன்று உண்டு. ஒபைத் சித்திக்கி 1970களில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தொடங்கிவைத்த ஈ ஆய்வு மரபு பெங்களூருவில் தொடர்கிறது. நம் நாட்டுக்கு இது அந்நியமான உயிரி அன்று.

விலாசம் தெரிந்த செல்

ஈயின் குடலில் குருத்தணு இருக்கிறது என்பதே 2006இல்தான் உறுதியானது. ஆலன் ஸ்பிராட்லிங்கும் பெஞ்சமின் ஓல்ஸ்டைனும் ஒருபுறம், நார்பர்ட் பெரிமனும் கிரெய்க் மிச்செல்லியும் மறுபுறம் எனத் தனித்தனியே செய்த இரு ஆய்வுகள் ‘நேச்சர்’ ஆய்விதழில் ஒன்றாக வெளியாயின. மனிதக் குடலைப் போலவே ஈயின் குடல் சுவரும் தேய்ந்து தேய்ந்து புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிப்பவை சுவரின் அடியில் ஒதுங்கியிருக்கும் சிறு குருத்தணுக்கள். சூலகத்தில் இன்னும் வசதி. அங்குள்ள ஒவ்வொரு குழலின் நுனியிலும் இரண்டு அல்லது மூன்று குருத்தணுக்கள் உட்கார்ந்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்து, இதுதான் தாய், இது மகள், இது பேத்தி என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம். மனிதரின் கட்டியில் புற்றுக் குருத்தணுவைத் தேடுவது திருவிழாக் கூட்டத்தில் பெயர் தெரியாதவரைத் தேடுவது போன்றது. ஈயில் தெருப்பெயரும் கதவு எண்ணும் தெரியும். மருந்து கொடுத்த மறுநாள் அதே கதவைத் தட்டி, ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிடலாம்.

மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மிஷேல் மார்க்ஸ்டைன், பெரிமன் உள்ளிட்டோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. வளர்ந்த ஈயின் குடல் குருத்தணுக்களில் மட்டும் ஒரு புற்று மரபணுவை முடுக்கிவிட்டுக் கட்டி வளரச் செய்தார்கள். அந்தச் செல்களுக்குள் மின்மினிப்பூச்சியின் ஒளி உமிழும் நொதியையும் வைத்தார்கள். கட்டி பெருத்தால் வெளிச்சம் கூடும், சுருங்கினால் குறையும். பிறகு, ஏற்கெனவே மனிதருக்குக் கொடுக்கப்பட்டுவரும் புற்றுநோய் மருந்துகளை ஈயின் உணவில் கலந்தார்கள்.

பல மருந்துகள் எதிர்பார்த்தபடியே கட்டியை அடக்கின. ஆனால், அவற்றுள் சில, புற்றாக மாறாத இயல்பான குருத்தணுக்களை அளவுக்கு மீறிப் பெருகச் செய்தன. ஒரு கையால் அணைத்த தீயை மறுகையால் விசிறுவது போன்ற செயல் இது. மருந்தால் குடல் சுவர் புண்படுகிறது. புண்பட்ட செல்கள் அபாய ஒலி எழுப்புகின்றன. அழற்சியோடு தொடர்புடைய ‘ஜாக்-ஸ்டாட்’ என்னும் சமிக்ஞைப் பாதை வழியே அது குருத்தணுவை எட்டுகிறது. இடிந்ததைக் கட்டியெழுப்பக் குருத்தணு விறுவிறுவெனப் பிரிகிறது. அதே சமிக்ஞைப் பாதை மனிதரிடமும் உண்டு. ஆகவே, கீமோவோடு அழற்சியைத் தணிக்கும் மருந்தையும் சேர்த்தால் புற்று திரும்புவது குறையலாம் என்று ஆய்வாளர்கள் கருத்துரைத்தார்கள். இது ஈயிலிருந்து எழுந்த ஒரு கருத்து மட்டுமே. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக் கீமோவோடு விழுங்கிவிடக் கூடாது. சிகிச்சைக் காலத்தில் அது சிறுநீரகத்தையும் ரத்தம் உறைவதையும் பாதிக்கக்கூடும்.

கண்ணாடித் தட்டில் இந்த விளைவு தெரிந்திருக்காது. தட்டில் குடலும் இல்லை, புண்பட அண்டை செல்களும் இல்லை.

மகாகாளி விளைவு

இதைவிட வியப்பான செய்தி கொலராடோ பல்கலைக்கழகத்தின் டின் டின் சூ ஆய்வகத்திலிருந்து வந்தது. கதிர்வீச்சு பட்ட ஈப் புழுக்களை நெடுங்காலமாக ஆராய்பவர் அவர். மனிதரைக் கொன்றுவிடும் அளவைப் போலப் பல மடங்கு கதிர்வீச்சைத் தாங்கி, பெரும்பகுதி செல்களை இழந்தும், புழு தேறி எழுந்து ஈயாகிப் பறந்துவிடும். எப்படித் தேறுகிறது? புழுவுக்குள் பிற்காலத்தில் சிறகாக மாறவிருக்கும் திசு ஒன்று உண்டு. அதில் ஒரு பகுதி செல்களைச் சாகச் செய்தபோது, பக்கத்தில் இருந்த செல்களைக் கதிர்வீச்சால் கொல்வது கடினமாகிவிட்டது. செத்துக்கொண்டிருந்தவை சும்மா சாகவில்லை; பிழைத்திருப்பவற்றுக்குக் கவசம் பூட்டிவிட்டுச் செத்தன. செல்லின் புறத்தே உள்ள ‘டை’ என்னும் ஏற்பி அந்தச் செய்தியை வாங்குகிறது. உள்ளே ‘பேன்டம்’ என்னும் மைக்ரோ ஆர்என்ஏ விழித்தெழுந்து, செல்லின் தற்கொலை ஏற்பாட்டை முடக்குகிறது.

2014இல் வெளியான கட்டுரையில் இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மகாகாளி விளைவு’. அழிவின் தெய்வமே தன்னை அண்டியவர்களைக் காக்கவும் செய்கிறாள் என்பதால் அந்தப் பெயர். ஊர் எல்லையில் காளிக்குப் பொங்கல் வைத்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹன்னெலே ருவோஹோலா-பேக்கர் குழுவும் டின் டின் சூவும் சேர்ந்து குருத்தணுவில் இதைச் சோதித்தார்கள். சூலகக் குழலின் நுனியில் இருக்கும் தாய்ச் செல்கள் கதிர்வீச்சுக்குத் தப்பின. அவற்றின் மகள்கள் மடிந்தன. மடியும் மகள்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன, தாய்ச் செல்லின் டை ஏற்பியை அது தட்டுகிறது, பேன்டம் எழுகிறது, தாய் பிழைக்கிறாள். இதற்குச் சான்று எளிமையானது. மகள் செல்களில் அந்தப் புரதத்தை மட்டும் தடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். தாய்ச் செல்களின் தாங்குதிறன் போய்விட்டது. வாழையில் தாய்மரம் மடிந்து கன்று வாழும். இங்கே கன்றுகள் மடிந்து தாயை வாழவைக்கின்றன. அந்தத் தாய் பிறகு குடும்பம் முழுவதையும் மறுபடி ஈன்றெடுக்கிறது.

ஈக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. புற்றுக்கட்டிக்குள்ளும் இதே நாடகம் நடக்குமானால், ‘எவ்வளவு அதிகமான செல்களைக் கொல்கிறோமோ அவ்வளவு நல்லது’ என்ற நம் கணக்கே இடிக்கிறது. ஒரு மருந்து கட்டியின் பெரும்பகுதியைக் கொன்று, கொல்லப்பட்டவற்றின் சாவாலேயே மிச்சத்தை வலுப்படுத்திவிடலாம். கீமோ, கதிர்வீச்சு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கும் சிகிச்சைகளில் முதலாவது, இரண்டாவதற்கு எதிரான கவசத்தைத் தைத்துக் கொடுத்துவிடலாம். இந்த வினாவைக் கொலராடோ குழுவினரே தங்கள் கட்டுரையில் எழுப்பியிருக்கிறார்கள். டை குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகள் மனித உடலிலும் உள்ளன. அவற்றைத் தட்டும் ஆஞ்சியோபொயட்டின் என்னும் புரதமும் உண்டு. ஒரு மருந்தை மதிப்பிடும்போது எத்தனை செல்கள் செத்தன என்பதோடு, எவை எஞ்சின, எஞ்சியவை என்னவாக மாறின என்பதையும் முதல் கட்டத்திலேயே எண்ணவேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான். அதை எண்ணக்கூடிய மலிவான உயிருள்ள கருவி இப்போதைக்கு இந்த ஈ.

கிழங்கைத் தேடும் மருந்துகள்

டின் டின் சூவின் ஆய்வகம் மருந்து தேடிய முறை எவருக்கும் புரியும். புழுக்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, உணவில் ஒவ்வொரு வேதிப்பொருளாகக் கலந்து, புட்டிகளில் விட்டுவிடுவார்கள். சில நாள் கழித்துக் கூட்டிலிருந்து எத்தனை ஈக்கள் வெளியே வந்தன என்று எண்ணுவார்கள். கதிர்வீச்சு மட்டும் பட்ட புட்டியில் தேறியவை பல. வேதிப்பொருளும் சேர்ந்த புட்டியில் தேறியவை சொற்பம் என்றால், அந்தப் பொருள் தேறும் ஆற்றலையே கெடுக்கிறது. வேதிப்பொருளை மட்டும் தின்ற புழுக்கள் நலமாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சேகரிப்புகளிலிருந்த பொருள்களை இவ்வாறு சலித்தபோது ‘போவார்டின்’ அகப்பட்டது. 2012இல் இந்தச் செய்தி வெளியானது. மெக்சிகோவில் சிவப்புக் குழல் பூக்கள் பூக்கும் ஒரு செடியில் உள்ள பொருள் அது. செல் புதிய புரதம் செய்வதை அது தடுக்கிறது. அடிபட்ட செல் எழுந்து நிற்கப் புதுப் புரதங்கள் வேண்டும். அவை கிடைக்காதபோது எழ முடிவதில்லை.

போவார்டினை அடியொற்றி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட எஸ்விசி-112 என்னும் பொருளை, தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் கட்டிச் செல்களில் சோதித்து 2020இல் முடிவு வெளியிட்டார்கள். புற்றுக் குருத்தணுக்கள் குறைந்தன. அவை குருத்தணுவாக நீடிக்கத் தேவையான சில புரதங்கள் மங்கின. எலிகளில் வளர்த்த மனிதக் கட்டிகளின் வளர்ச்சி தடைப்பட்டது. புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்று மலிந்திருக்கும் நம் நாட்டில் இந்தச் செய்தியை யாரும் அசட்டையாகக் கடந்துபோக முடியாது. என் தோழரும் நெடுங்காலம் வெற்றிலையோடு புகையிலை போட்டவர்தான்.

இன்னொரு பாதை பட்டினி. மேரிலாந்து மாநிலத்தில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஸ்டீவன் ஹூ, ஸ்ரீ ராம் சிங் உள்ளிட்டோர் ஈயின் செரிமான மண்டலத்தில் மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கி, எதை அடக்கினால் குருத்தணு சாகிறது என்று தேடினார்கள். 2016இல் வெளியான விடை: ‘ஆர்ஃப்-1’ என்னும் புரதமும் அதன் கூட்டாளிகளும். இவற்றை அடக்கினால் செல்லுக்குள் சேமித்த கொழுப்பைக் கரைத்துப் பயன்படுத்தும் வேலை நின்றுபோகிறது. முதிர்ந்த செல்களுக்கு அதனால் கேடில்லை. குருத்தணுக்கள் மட்டும், இயல்பானவையும் புற்றாக மாறியவையும், செத்தன. அவை முதன்மையாகக் கொழுப்புச் சேமிப்பை நம்பி வாழ்பவை போலும். குதிரின் வாயை அடைத்ததும் பட்டினியில் மாண்டன. ஆர்ஃப்-1ஐத் தடுக்கும் பொருள்கள் மனிதப் புற்றுச் செல்களிலும் குருத்தணுக்களைக் குறைத்தன.

‘இயல்பானவையும்’ என்ற சொல்லை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அங்கேதான் எனக்கும் இடறுகிறது. புற்றுக் குருத்தணுவைக் கொல்லும் மருந்து குடலின், ரத்தத்தின் நல்ல குருத்தணுக்களையும் கொன்றுவிட்டால் நோயாளி என்ன ஆவார்? தோழரிடம் இதைச் சொன்னபோது, தன் தகப்பனார் கோரைக்குச் செய்ததை நினைவுகூர்ந்தார். கோடையில் ஆழ உழுது கிழங்கைப் புரட்டி வெயிலில் போடுவாராம். நிலமும்தான் காயும், ஆனால், நிலம் அடுத்த மழைக்குத் தேறிவிடும், கிழங்கு தேறாது. எந்த அளவு மருந்தை எத்தனை நாள் கொடுத்தால் நிலம் தேறும், கிழங்கு தேறாது என்பதைக் கண்டறிவதுதான் இனி உள்ள கடினமான வேலை. அந்த அளவை ஈ சொல்லாது.

ஈ சொல்லாதவை வேறும் உண்டு. ஈக்கு நம்மைப் போன்ற மூடிய ரத்தக்குழாய்கள் கிடையாது, நுரையீரல் கிடையாது, புற்றை வேட்டையாடும் டி செல்கள் கிடையாது. ஆர்ஃப்-1 கதையே இதற்குச் சான்று. அந்த ஆய்வை எலிகளுக்கு எடுத்துச் சென்றபோது, பட்டினியால் மடியும் புற்றுச் செல்கள் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தட்டியெழுப்பி, டி செல்களைக் கட்டியின் மீது ஏவுவது தெரியவந்தது; 2020இல் இது வெளியானது. மருந்தின் பாதிப் பலன் அங்கே இருக்க, ஈயில் அது கண்ணுக்கே தெரிந்திருக்காது. போதாக்குறைக்கு, புற்றுக் குருத்தணு என்ற கருத்தின் மீதே விவாதம் உண்டு. எல்லாக் கட்டிகளிலும் அது இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. சில கட்டிகளில் சாதாரணச் செல்லே நெருக்கடியில் குருத்தணு வேடம் பூணுகிறது. கிழங்கைத் தோண்டி எடுத்தாலும் புல்லே கிழங்காக மாறினால் என்ன செய்வது?

ஆனாலும் ஈயிலிருந்து மனிதருக்கு வந்த பாதை வெறும் கனவில்லை. ஒருவகைத் தைராய்டு புற்றுக்கு அமெரிக்காவில் 2011இல் ஒப்புதல் பெற்ற வான்டெடனிப் என்னும் மருந்து, அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ராஸ் கேகன் குழுவின் ஈக்களில் பலன் காட்டியிருந்தது. அதே குழுவினர் நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். பெருங்குடல் புற்று முற்றிப் பிற உறுப்புகளுக்கும் பரவிய ஒரு நோயாளியின் கட்டியில் மாறியிருந்த ஒன்பது மரபணுக்களின் இணைகளை ஈயின் பின்குடலில் மாற்றி, அவருக்கென்றே ஓர் ஈயை உருவாக்கினார்கள். இயந்திரக் கைகளைக் கொண்டு மருந்துகளைச் சோதித்ததில் ஒரு சோடி மேலெழுந்தது: டிரமெடினிப் என்னும் புற்றுநோய் மருந்தும், எலும்புக்குக் கொடுக்கப்படும் சோலெட்ரோனேட்டும். யாரும் சேர்த்துப் பார்த்திராத சோடி. நோயாளிக்கு அதைக் கொடுத்தார்கள். கட்டிகள் சுருங்கி, 11 மாதங்கள் கட்டுக்குள் நின்றன. 2019இல் வெளியான அந்த ஆய்வைச் சிலர் பெருவெற்றி என்றார்கள். சிலர், இவ்வளவு பாடுபட்டு 11 மாதம்தானா என்றார்கள். பல சிகிச்சைகள் கைவிட்ட பிறகு கிடைத்த 11 மாதத்தின் மதிப்பை வெளியிலிருந்து அளப்பதற்கு எனக்குத் துணிவில்லை.

தோழருக்கு இப்போது இரண்டாம் சுற்றுச் சிகிச்சை நடக்கிறது. இதையெல்லாம் இரண்டு மாலைகளில் அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்த மருந்து எனக்குக் கிடைக்குமா?” எஸ்விசி-112 எலியில் பலன் காட்டிய பொருள், அவருடைய மருத்துவர் இன்று எழுதிக்கொடுக்கக்கூடிய மருந்து அல்ல என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். பிறகு, கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி விடப்போகிறார்கள், ஏன் என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கப்போவதாகச் சொல்லி, தன் சிகிச்சைக் கோப்பின் பின்னட்டையில் அந்தக் கேள்வியை எழுதிவைத்துக்கொண்டார்.